வெந்நீரும் இடிபாடும்: பாமுக்கலே ஒருநாள் தனிக்குழுப் பயணத்தின் எடுத்துரைப்பு – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

துருக்கியின் தென்மேற்கில் பாமுக்கலே வெந்நீர் ஊற்றுகளும் ஹியராபோலிஸ் நகரின் இடிபாடுகளும் ஒரே மேட்டில் அமைந்துள்ளன. அங்கு நடத்தப்படும் ஒருநாள் தனிக்குழுப் பயணம் அவற்றை ‘இயற்கை’, ‘வரலாறு’ என இரு வேறு காட்சிகளாகப் பிரித்து வரிசைப்படுத்துகிறது. அப்பயணத்தின் நிரலை ஓர் எடுத்துரைப்பாகக் கொண்டு, முதற்பொருள், கருப்பொருள் என்னும் பொருளிலக்கணக் கருத்துகளின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது. நீர் உருவாக்கிய நகரைப் பயண நிரல் நீரிலிருந்து பிரிக்கிறது என்பதும், அக்குறை நேரப் பற்றாக்குறையால் மட்டும் வருவதன்று, சொல்முறையாலும் வருகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பயண எடுத்துரைப்பு, பாமுக்கலே, ஹியராபோலிஸ், முதற்பொருள், கருப்பொருள், ஆற்றுப்படை

முன்னுரை

பயண இலக்கியம் குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் தாங்கிய நூல்களையே ஆய்வுப்பொருளாகக் கொள்கின்றன. ஆனால், இன்று ஓரிடத்தைப் பற்றிய புரிதலை மிகப் பலருக்கு உருவாக்கித் தருவது நூலன்று. ஒரு பக்க அளவில் அமையும் பயண நிரலே ஆகும். எப்போது புறப்படுவது, எங்கு நிற்பது, எதைப் பார்ப்பது, எங்கு உண்பது, எப்போது திரும்புவது என்பவற்றை வரையறுக்கும் அந்நிரலும், அதனை விரித்துரைக்கும் வழிகாட்டியின் பேச்சும் சேர்ந்து ஓர் எடுத்துரைப்பாகின்றன. தொடக்கம், முடிவு, தேர்வு, விடுபாடு ஆகியவை அதற்கும் உண்டு. ஆகவே அது திறனாய்வுக்கும் உரியதாகிறது.

ஒரு குடும்பமோ நண்பர் குழுவோ தமக்கென வண்டியும் ஓட்டுநரும் வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு ஒரே பகலில் சென்று திரும்புவது தனிக்குழுப் பயணம் எனப்படுகிறது. பெரும்பேருந்துப் பயணத்தின் அவசரத்திலிருந்து விடுதலை தருவதாக இது தன்னை முன்வைக்கிறது. அவ்விடுதலை, இடத்தை அறிவதில் என்ன வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் இணைத்து முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, தொழில் முதலியவை அவற்றைச் சார்ந்து கருப்பொருளாகின்றன. அனத்தோலிய நிலத்தைத் தமிழ்த் திணைகளுள் ஒன்றாகக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நிலம், பொழுது, தொழில், தெய்வம் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் பார்வை மட்டுமே இங்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

இடத்தின் ஒருமை

பாமுக்கலே என்னும் துருக்கிச் சொல் பஞ்சுக்கோட்டை எனப் பொருள்படும். சமவெளியிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரும் மேட்டிலிருந்து வழியும் ஊற்றுநீர் கால்சியத்தையும் கரியமில வாயுவையும் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் வெளிப்பட்டதும் வாயு பிரிந்து செல்ல, கால்சியம் கார்பனேட் முதலில் கூழ்போலப் படிந்து பின்னர் வெண்பாறையாக இறுகுகிறது. படிக்கட்டுப்போல் அடுக்கடுக்காக அமைந்த வெண்ணிறத் தொட்டிகள் இவ்வாறு உருவானவை.

அம்மேட்டின் மீதே ஹியராபோலிஸ் எழுந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்கமன் அரசர்களான அத்தாலியர்கள் இதனை ஒரு நீராடு நகராக நிறுவினர் என்று யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக் குறிப்பு கூறுகிறது. கி.மு. 133இல் பெர்கமன் அரசு உரோமின் கைக்குச் சென்றது. நீரோவின் காலத்தில் கி.பி. 60இல் நிகழ்ந்த நிலநடுக்கத்திற்குப்பின் நகர் மீண்டும் கட்டப்பட்டது. பின்னரும் நிலநடுக்கங்கள் தொடர்ந்தன. 14ஆம் நூற்றாண்டளவில் நகர் முற்றிலும் கைவிடப்பட்டது.

நகரைத் தோற்றுவித்த வெந்நீரும் நகரை அழித்த நிலநடுக்கமும் ஒரே நிலப்பிளவிலிருந்து வந்தவை. நகரின் ஊடே செல்லும் அப்பிளவின் வழியாகவே வெந்நீரும் கரியமில வாயுவும் மேலெழுகின்றன. நகரின் சமயமும் அப்பிளவின் மேலேயே அமைந்தது. பாதாளக் கடவுளுக்குரிய புளூட்டோனியன் என்னும் குகைவாயில் அவ்வாயு வெளியேறும் இடத்தில் கட்டப்பட்டது. இங்குள்ள நீர் எளிதில் கல்லாக மாறுவதால் வாய்க்கால்களே கல்வேலிகளாகிவிடுகின்றன என்றும், கம்பளிக்குச் சாயமேற்ற இந்நீர் மிக உகந்தது என்றும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ பதிவு செய்துள்ளார். வேலி, சாயம், நீராட்டு, வழிபாடு, அழிவு ஆகிய அனைத்தும் இங்கு ஒரே நீர்மூலத்தின் விளைவுகள். 1988இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது இயற்கை, பண்பாடு ஆகிய இரு அளவுகோல்களையும் சேர்த்தே பயன்படுத்தியது.

நிரலின் இலக்கணம்

ஒருநாள் பயணத்தின் நிரல் இவ்வொருமையை வேறுவிதமாக எழுதுகிறது. அதன் பொதுவான அமைப்பில் வெண்படிவுத் தொட்டிகள் ஓர் உருப்படி. இடிபாடுகள் மற்றோர் உருப்படி. ‘கிளியோபாட்ரா குளம்’ விருப்பத்திற்குரிய, தனிக்கட்டணமுள்ள மூன்றாம் உருப்படி. முதலாவதற்கு ‘இயற்கை அதிசயம்’ என்றும் இரண்டாவதற்கு ‘பண்டைய நகரம்’ என்றும் அடைமொழிகள் தரப்படுகின்றன. உருப்படிகளை ‘பிறகு’ என்னும் சொல் இணைக்கிறது; ‘ஆகவே’ என்னும் சொல் எங்கும் வருவதில்லை. நிகழ்ச்சிகள் காலவரிசையில் அடுக்கப்படுகின்றன; காரண காரியத் தொடர்பு விடுபடுகிறது. கதைக்கும் கதைப்பின்னலுக்கும் இடையே எடுத்துரைப்பியல் காணும் வேறுபாடு இங்கு வெளிப்படையாகத் தெரிகிறது.

கிளியோபாட்ரா குளம் இதற்குச் சிறந்த சான்று. பளிங்குத் தூண்கள் நீருக்கடியில் கிடக்க, அவற்றின் மீது மக்கள் நீந்தும் அவ்விடத்தில் ஊற்றும் இடிபாடும் ஒன்றாகவே இருக்கின்றன. நிலநடுக்கத்தில் சரிந்த தூண்களின் மேல் அதே நிலப்பிளவின் வெந்நீர் தேங்கி நிற்கிறது என்பதைச் சொன்னால் நகரின் முழு வரலாற்றையும் அங்கிருந்தே விளக்கிவிட முடியும். ஆனால், பெயர் அவ்விளக்கத்தை மறைக்கிறது. கிளியோபாட்ரா இங்கு நீராடியதற்கு உறுதியான வரலாற்றுச் சான்று இல்லை. இடத்திலேயே விளைந்த ஒரு பொருளை அறிமுகப்படுத்த வெளியிலிருந்து ஓர் அரசியின் பெயர் கொண்டுவரப்படுகிறது.

நண்பகல் என்னும் ஒரே பொழுது

அந்தாலியா, குஷாதாசி போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து புறப்படும் குழுக்கள் ஒருவழிக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ வண்டியில் செல்கின்றன. காலையில் புறப்பட்டு முற்பகலின் இறுதியில் சேர்ந்து, பிற்பகலில் திரும்புவதே இயல்பாக அமையும் ஒழுங்கு. ஆதலால் பயணிக்கு அவ்விடம் எப்போதும் நண்பகலிலேயே காட்சி தருகிறது. வெண்பாறையில் வெயில் பட்டுத் தெறிக்கும் வெண்மையே பாமுக்கலேயின் இயல்பான நிறமென நிலைபெறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொழுது மாறும்போது இடத்தின் பொருளும் மாறும் என்பதற்குப் புளூட்டோனியன் நேரடிச் சான்று தருகிறது. அங்கு நடத்தப்பட்ட சடங்கை ஸ்ட்ராபோ விவரித்துள்ளார். குகைவாயிலுக்குள் கொண்டு செல்லப்பட்ட காளைகள் விழுந்து மடிந்தன. சிபெலே தெய்வத்தின் விதையகற்றப்பட்ட பூசாரிகள் உயிருடன் திரும்பினர். தாமே சிட்டுக்குருவிகளை உள்ளே எறிந்ததாகவும் அவை உடனே இறந்து விழுந்ததாகவும் அவர் எழுதுகிறார். பிரான்செஸ்கோ டி’அந்திரியா தலைமையிலான இத்தாலிய அகழாய்வுக் குழு இக்குகைவாயிலைக் கண்டறிந்த செய்தி 2013இல் வெளியானது. ஹார்டி பிஃபான்ஸ் குழுவினர் 2018இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, குகைவாயிலில் கரியமில வாயுவின் அளவு தரையிலிருந்து உள்ள உயரத்திற்கேற்ப 4 முதல் 53 விழுக்காடு வரை வேறுபடுகிறது. காற்றைவிடக் கனமான அவ்வாயு இரவில் தரையையொட்டிக் குளம்போலத் தேங்குகிறது. பகலில் வெயிலும் காற்றும் அதனைக் கலைத்துவிடுகின்றன. தலை தாழ்ந்த விலங்கு மடிவதற்கும் நிமிர்ந்து நிற்கும் பூசாரி பிழைப்பதற்கும் உயர வேறுபாடு ஒரு விளக்கமாகிறது.

இதன்படி அவ்விடத்தின் தெய்வத்திற்குரிய பொழுது இரவும் வைகறையும் ஆகும். ஒருநாள் பயணமோ அமைப்பிலேயே வைகறையை விலக்கியது. நண்பகலில் பயணி காண்பது வேலியிடப்பட்ட ஒரு கல்வாயிலை மட்டுமே. நிலம் இருக்கிறது; பொழுது இல்லை. எனவே முதற்பொருள் பாதியாகிறது. தெய்வம் என்னும் கருப்பொருள் பொருளற்றுப் போகிறது. தமிழ் மரபில் நண்பகல் பாலைக்கும், பாலை பிரிவுக்கும் உரியவை என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஊற்றிலிருந்து நகரைப் பிரித்துக் காணும் இந்த நிரலும் நண்பகலிலேயே நிகழ்கிறது.

வைகறையில் அங்கே நின்றுதான் இதனை அறியவேண்டும் என்பதில்லை. வாயு கண்ணுக்குப் புலப்படாதது. அவ்வேளையில் அருகே செல்வதும் தீங்கானது. அவ்விடத்திற்கு வேறொரு பொழுது உண்டு என்பதைச் சொல்லால் உணர்த்தினாலே போதுமானது. வழிகாட்டியின் பேச்சு செய்யவேண்டிய பணி அதுவே.

மூன்று வாயில்கள், மூன்று கதைகள்

இவ்விடத்திற்கு மூன்று நுழைவாயில்கள் உள்ளன. எந்த வாயிலில் நுழைவது என்பது வசதி பற்றிய முடிவாகவே கருதப்படுகிறது. எடுத்துரைப்பு நோக்கில் அது தொடக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் முடிவாகும்.

கீழுள்ள ஊர்ப்பக்க வாயிலில் நுழைபவர் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் வெண்பாறையில் ஏறுகிறார். நீரிலிருந்து நகருக்குச் செல்லும் கதை இது. தெற்கு வாயில் பயணியைத் தொட்டிகளுக்கும் குளத்துக்கும் விரைவாகச் சேர்க்கிறது. இடிபாடுகள் நேரம் மிஞ்சினால் காணும் பின்னிணைப்பாகின்றன. வடக்கு வாயிலில் நுழைபவரை முதலில் எதிர்கொள்வது இடுகாடு. 1200க்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்ட இது அனத்தோலியாவின் மிகப்பெரிய பண்டை இடுகாடுகளுள் ஒன்று. இங்குச் சில கல்லறைகளை நீர் கொண்டுவந்த சுண்ணப்படிவு பாதியளவு விழுங்கியிருக்கிறது. கட்டடம் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க இயலாத இக்காட்சி, நிரல் எழுப்பிய ‘இயற்கை – வரலாறு’ என்னும் சுவரைத் தகர்க்க வல்லது.

வடக்கு வாயிலின் கதையில் மற்றொரு பாத்திரமும் உண்டு. டொமிஷியன் பேரரசரின் பெயரால் ஆளுநர் ஃபிரான்டினஸ் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய வளைவுவாயிலுக்கு அருகே ஃபிளேவியஸ் ஜூக்சிஸ் என்பவரின் கல்லறை உள்ளது. கிரேக்கத்தின் தென்கோடியிலுள்ள மலேயா முனையைச் சுற்றி இத்தாலிக்கு 72 முறை கடற்பயணம் செய்தவர் அவர் என்று அதன் கல்வெட்டு கூறுகிறது. அவர் துணி வணிகர் எனக் கருதப்படுகிறார். ஹியராபோலிஸ் மக்கள் வந்து நீராடிச் சென்ற நகரம் மட்டுமன்று. உற்பத்தி செய்து வெளியே சென்று விற்ற நகரமுமாகும் என்பதை இக்கல்லறை அறிவிக்கிறது. பயணிகளின் வரிசை இதனைப் பெரும்பாலும் வண்டியிலிருந்தோ விரைந்த நடையிலோ கடந்துவிடுகிறது.

தனிக்குழுவும் விலக்கப்பட்ட கடையும்

பேருந்துப் பயணங்களின் மீது பயணிகள் கூறும் குறைகளுள் முதன்மையானது கடைகளில் வண்டி நிறுத்தப்படுவது. ஆகவே தனிக்குழுப் பயணங்கள் ‘கடை நிறுத்தம் இல்லை’ என்பதைத் தம் சிறப்பாகக் கூறுகின்றன. தரகுக்காகப் பயணியின் நேரத்தைப் பறிக்கும் வழக்கத்திற்கு எதிரான இவ்வுறுதி நியாயமானதே.

எனினும் அதில் ஒரு முரண் உள்ளது. ஹியராபோலிஸில் கம்பளி, சாயத் தொழில்கள் செழித்தன. ஊதாச் சாயமேற்றுவோர், கம்பள நெசவாளர் ஆகியோரின் சங்கங்களை அந்நகரின் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. இன்று பாமுக்கலேயை உள்ளடக்கிய டெனிஸ்லி மாகாணம் துருக்கியின் முதன்மையான துணி உற்பத்தி மையங்களுள் ஒன்று. துண்டுகளுக்கும் குளியலாடைகளுக்கும் பெயர்பெற்றது. எனவே பேருந்து நிற்கும் துணிக்கடை, நிலத்தின் தொழில் என்னும் கருப்பொருள் பயணத்திற்குள் தலைகாட்டும் அரிய இடங்களுள் ஒன்றாகிறது. விற்பனை நோக்கம் அதனை மறைத்துவிடுவதால் எவரும் அதனை அவ்வாறு காண்பதில்லை.

தனிக்குழு நிரல் கடையை நீக்கும்போது தரகுடன் தொழிலையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது. மிஞ்சுவது மனிதர் உழைக்காத நிலம். குளிப்பவரும் மன்னரும் மட்டுமே வாழ்ந்ததாகத் தோன்றும் நகரம். இடுகாட்டில் மார்க்கஸ் ஆரேலியஸ் அம்மியானோஸ் என்பவரின் கல்பேழையில் நீராற்றலால் இயங்கும் கல்லறுக்கும் வாள் செதுக்கப்பட்டுள்ளது. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இது, சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் பொறியமைப்பிற்கு அறியப்பட்ட மிகப் பழைய சான்றாகக் கருதப்படுகிறது. நீர் இந்நகரில் உழைக்கவும் செய்தது. ‘ஓய்வு தரும் நீர்’ என்னும் படிமம் அவ்வுழைப்பைக் காணவிடாமல் செய்கிறது.

வழிப்படுத்தும் குரல்

பயணியை வழிப்படுத்தும் குரலுக்குத் தமிழில் ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே உண்டு. பரிசில் நாடிச் செல்லும் இரவலனுக்கு வழிகூறும் அவ்வகையையும் ஊதியத்திற்கு நடத்தப்படும் சுற்றுலாவையும் சமன்படுத்த இயலாது. ஆயினும், வழியை எவ்வாறு பேசுவது என்பதில் ஒப்பீடு பயன்தரும். பெரும்பாணாற்றுப்படை எயினர், ஆயர், உழவர், வலைஞர் எனக் குடியிருப்புகளைக் கடந்து செல்லும்போது ஒவ்வோரிடத்திலும் கிடைக்கும் உணவு மாறுகிறது. உணவின் வழியே நிலம் அறிமுகமாகிறது. மலைபடுகடாம் வழியின் இடர்களையும் பகலிலும் இரவிலும் செல்லவேண்டிய முறைகளையும் கூறுகிறது. இவற்றில் வழியும் பொருளாகிறது. சென்று சேரும் இடம் மட்டும் பொருளன்று.

ஒருநாள் பயண நிரலில் வழி என்பது கழிக்கவேண்டிய மணிக்கணக்கு. வண்டியில் செல்லும் மூன்று மணி நேரம் பெரும்பாலும் சொல்லற்றதாகவே விடப்படுகிறது. கடற்கரையிலிருந்து உட்பகுதிக்கு ஏறும் அவ்வழியில், நிலப்பிளவையும் கம்பளியையும் கடல்வணிகத்தையும் பற்றிப் பேச வழிகாட்டிக்குப் போதிய நேரம் உண்டு. தனிக்குழுவில் கேட்பவர் சிலரே. வினா எழுப்பவும் வாய்ப்பு மிகுதி. தனிக்குழுப் பயணத்தின் உண்மையான வளம் இதுவே. ஆனால், அது இருக்கை வசதியாக மட்டுமே விலைபேசப்படுகிறது.

மாற்றுக் கருத்துகளும் வரம்பும்

ஒருநாள் பயணத்தை மேலோட்டமானது என்று ஒதுக்கித் தங்கிப் பார்க்கும் பயணத்தை உயர்த்துவது திறனாய்வில் எளிதில் நேரும் சாய்வு. அதனை இரு காரணங்களால் ஏற்க இயலாது.

முதலாவது, ஒருநாளுக்கு மேல் விடுப்போ பணமோ உடல்வலிமையோ இல்லாதவர்களுக்கு இதுவே கிடைக்கும் வழி. மேலும், வேடிக்கை பார்க்க வருபவர் இவ்விடத்திற்குப் புதியவரும் அல்லர். புளூட்டோனியனுக்கு மேலே பார்வையாளர் அமரும் படிகளை அகழாய்வு வெளிப்படுத்தியுள்ளது. குருவி எறிந்து பார்த்த ஸ்ட்ராபோவும் ஒரு பயணியே. தூய்மையான பண்டைப் பார்வையைச் சுற்றுலா கெடுத்துவிட்டது என்னும் வாதம் இங்கு நிலைபெறாது.

இரண்டாவது, தங்கிப் பார்த்தல் இவ்விடத்திற்கு இழைத்த தீங்கு ஆவணப்படுத்தப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிபாடுகளின் மீதே விடுதிகள் எழுந்தன. ஊற்றுநீர் அவற்றின் குளங்களுக்குத் திருப்பப்பட்டது. வெண்பாறையின் மீதே சாலையும் அமைந்தது. 1990களில் விடுதிகள் அகற்றப்பட்டன. சாலை மூடப்பட்டுச் செயற்கைத் தொட்டிகளாக மாற்றப்பட்டது. இன்று பயணிகள் வெறுங்காலுடன் நடப்பது அப்பகுதியில்தான். ஆகவே மேட்டில் இரவு தங்க இயலாத நிலை, இடத்தைக் காத்ததன் விளைவுமாகும்.

இன்றைய பயணிகள் அடிக்கடி கூறும் ஏமாற்றம், பல தொட்டிகள் வறண்டிருக்கின்றன என்பது. நீர் முறைவைத்து வெவ்வேறு பகுதிகளுக்கு விடப்படுகிறது. படிவு உலர்ந்து இறுகுவதற்கும் பாசி படர்ந்து கறுக்காமலிருப்பதற்கும் அவ்வறட்சி தேவைப்படுகிறது. நிரலில் அச்சிடப்படும் படமோ எப்போதும் நீர் ததும்பும் தொட்டிகளையே காட்டுகிறது. வறண்ட தொட்டியைக் குறையாக அன்றிப் பாதுகாப்பின் அடையாளமாகக் காண ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம் இல்லாமையே பயணியை ஏமாற்றமடையச் செய்கிறது. எதிர்பார்ப்பு நிறைவேற வேண்டும் என்னும் அழுத்தம் பெருகினால் நீரைத் தொடர்ந்து திறந்துவிடவேண்டிய நெருக்கடியும் எழக்கூடும். சொல்முறையின் குறை இவ்வாறு நிலத்தையும் பாதிக்க வல்லது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன:

1. பாமுக்கலேயில் ஊற்றும் இடிபாடும் ஒரே நிலப்பிளவின் விளைவுகள். ஒருநாள் பயண நிரல் அவற்றை அடுத்தடுத்த உருப்படிகளாக்கிக் காரண காரியத் தொடர்பை இழக்கச் செய்கிறது.

2. பயணத்தின் நேர ஒழுங்கு நண்பகலை அவ்விடத்தின் ஒரே பொழுதாக்குகிறது. இதனால் இரவும் வைகறையும் சார்ந்த புளூட்டோனியன் வழிபாட்டின் பொருள் மறைகிறது.

3. தனிக்குழுப் பயணம் நேரத்தின் மீது உரிமை தருகிறது. எனினும், அதன் நிரல் பேருந்துப் பயணத்தின் உருப்படிப் பட்டியலையே பின்பற்றுகிறது. கடையை நீக்குவதன் வழியே தொழில் என்னும் கருப்பொருளையும் நீக்குகிறது.

4. தீர்வு கூடுதல் மணி நேரத்தில் இல்லை. வடக்கு வாயிலில் தொடங்குதல், படிவு விழுங்கிய கல்லறையின் முன் நிற்றல், ஜூக்சிஸின் 72 பயணங்களைச் சொல்லுதல், வறண்ட தொட்டியை விளக்குதல் ஆகியவை அதே பகலுக்குள் இயல்வன. சிறு குழுவும் சொந்த வண்டியும் இவற்றுக்குத் தடையல்ல, துணையாகவே அமையும்.

பயண நிரல், வழிகாட்டியின் பேச்சு, இடத்தில் நாட்டப்படும் அறிவிப்புப் பலகை ஆகியவை ஓரிடம் எவ்வாறு நினைவில் நிற்கிறது என்பதைத் தீர்மானிக்கும் பனுவல்கள். பயண இலக்கிய ஆய்வு இவற்றையும் தன் எல்லைக்குள் கொள்ளவேண்டும். நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல் காணும் பொருளிலக்கணப் பார்வை, அகப்பாடல்களுக்கு அப்பால் இத்தகைய பனுவல்களை ஆராய்வதற்கும் உதவும்.